மசக்கைக்கு இரண்டு மாத்திரை

உங்கள் வீட்டில் யாராவது எப்போதாவது கர்ப்பமாக இருந்திருந்தால், இந்தக் காட்சி உங்களுக்குப் புதிதல்ல. காலை ஏழரை மணி. அடுப்பில் எண்ணெய் காய்கிறது. கடுகு வெடிக்கிறது. பெருங்காயம் விழுகிறது. அவ்வளவுதான். உள்ளேயிருந்து ஓர் ஓட்டம். பாத்ரூம் கதவு படாரென்று சாத்தப்படும் சத்தம். போன மாசம் வரைக்கும் 'ரசத்துல பெருங்காயம் பத்தலை' என்று குறை சொன்ன அதே பெண்தான்.

என் வீட்டுக் கதை இன்னும் கேவலம். அப்போது நான் வேலை பார்த்த பத்திரிகைக்கு ஆபீசும் பிரஸ்ஸும் ஒரே கட்டடம். மேலே நாங்கள், கீழே மெஷின். ராத்திரி வீடு திரும்பினால் சட்டையில் அச்சு மை வாசனை அப்பிக்கொண்டிருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத என் மனைவி, இரண்டாம் மாதத்தில் ஒரு நாள், நான் படியேறி வந்து பெல் அடிப்பதற்கு முன்னாலேயே பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "சட்டையைக் கழட்டி வெளியவே போட்டுட்டு வாங்க."

அடுத்த மூன்று மாதம் பனியனோடுதான் வீட்டுக்குள் போனேன். எதிர் வீட்டு மாமி என்ன நினைத்தாரோ, கடவுளுக்கே வெளிச்சம்.

மாமியார் சிரித்தார். "மசக்கைன்னா அப்படித்தான் மாப்ளே. இவ வயித்துல இருந்தப்ப எனக்கு மல்லிப்பூவே ஆகாது." டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ராத்திரி படுக்கும்போது ஒன்று. மருந்துக் கடை வாசலில் அந்தப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என் மனைவி கேட்டாள். "இது பிள்ளைக்கு ஒண்ணும் பண்ணாதே?"

நான் படித்தது பி.காம். எனக்கென்ன தெரியும்? "டாக்டர் எழுதியிருக்காங்க, சரியாத்தான் இருக்கும்" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மாத்திரைப் பட்டை நேராக சாமி அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. ஐந்தாம் மாதம் வரை அது அங்கேயே இருந்தது. இவள் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தாள்.

அந்த ஒரு கேள்வியின் சரித்திரத்தைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். கொஞ்சம் கனமான சரித்திரம்.

மசக்கை ஒன்றும் நேற்று வந்ததல்ல. புறநானூற்றின் 20ஆம் பாட்டிலேயே வந்துவிட்டது. குறுங்கோழியூர் கிழார் சேர மன்னனைப் பாடுகிறார். உன் நாட்டு மண்ணை வயாவுற்ற பெண்கள் ஆசைப்பட்டுத் தின்பார்களே தவிர, பகைவர் எவரும் அதை உண்ண முடியாது என்கிறார். ராஜாவைப் புகழ்வதற்குக்கூட மசக்கை உதவியிருக்கிறது! இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் வைத்தியம் பார்த்த கிரேக்கர் சொரானஸ் என்பவர், இது சுமார் நாற்பதாம் நாளில் ஆரம்பிக்கும், நாலு மாதம் போல இருக்கும் என்று எழுதி வைத்தார். இன்றைக்கு எந்த டாக்டரைக் கேட்டாலும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்வார்.

ஆனால் எல்லோருக்கும் நாலு மாதத்தில் முடிந்துவிடுவதில்லை. 'ஜேன் அயர்' எழுதிய சார்லட் பிராண்டி 1854 ஜூனில் கல்யாணம் செய்துகொண்டார். 1855 மார்ச் 31 அன்று இறந்துபோனார். வயது 38. சர்ட்டிபிகேட்டில் காசநோய் என்று எழுதினார்கள். ஆனால் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய தோழி எலிசபெத் கேஸ்கெல், ஓயாத குமட்டலையும் சாப்பாட்டைப் பார்த்தாலே வந்த அருவருப்பையும் விவரித்திருக்கிறார். கர்ப்பகால அதிவாந்திதான் அவரைக் கொன்றது என்று நினைக்கிற மருத்துவர்கள் இன்றைக்கு நிறைய பேர்.

இருபதாம் நூற்றாண்டு வந்தது. விஞ்ஞானம் வளர்ந்தது. கர்ப்பிணிகளுக்கு விடிவு வந்ததா? அதுதான் இல்லை. ஆண் டாக்டர்கள் ஒரு புதுக் காரணம் கண்டுபிடித்தார்கள். எல்லாம் மனசுதான்! இந்தப் பெண்ணுக்கு உள்ளுக்குள் பிள்ளை பெற இஷ்டமில்லை, புருஷனைப் பிடிக்கவில்லை, அதனால்தான் வாந்தி எடுக்கிறாள். 1930களில் இதற்கு ஒரு சிகிச்சைகூட இருந்தது. தனி அறையில் போடு, சொந்தக்காரர் யாரையும் பார்க்க விடாதே, வாந்தி எடுக்கப் பாத்திரம் கொடுக்காதே. படுக்கையிலேயே எடுத்தால் துணியை மாற்ற நர்ஸ் அவசரப்பட வேண்டாம். படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. நம் ஊர் மாமியார்கள் எவ்வளவோ தேவலை என்று தோன்றியது.

இப்படிப்பட்ட ஒரு காலத்தில், 'உன் மனசில் ஒன்றும் கோளாறில்லை, இந்தா ஒரு மாத்திரை' என்று ஒருவர் நீட்டினால் எப்படி இருக்கும்? வாங்கத்தானே செய்வார்கள்? வாங்கினார்கள்.

ஜெர்மனிக்குப் போவோம். அப்போதைய மேற்கு ஜெர்மனி. ஆகன் நகரத்துக்குப் பக்கத்தில் ஸ்டோல்பெர்க் என்று ஓர் ஊர். அங்கே கெமி க்ரூனென்தால் என்றொரு மருந்துக் கம்பெனி. 1957 அக்டோபர் 1 அன்று கான்டர்கன் என்ற பெயரில் ஒரு தூக்க மாத்திரையை அது கடைக்குக் கொண்டுவந்தது. உள்ளே இருக்கும் சரக்கின் பெயர் தாலிடமைட். எலிக்கு எவ்வளவு கொடுத்தாலும் எலி சாகவில்லை. அதனால் முழுப் பாதுகாப்பு! சீட்டு இல்லாமலே வாங்கலாம். யுத்தம் முடிந்து பத்துப் பன்னிரண்டு வருஷம். தூக்கம் வராத தேசம். மாத்திரை பிய்த்துக்கொண்டு போனது. கொஞ்ச நாளில் நாட்டிலேயே அதிகம் விற்கிற தூக்க மாத்திரை அதுதான்.

வியாபாரம் படித்தவன் என்பதால் அடுத்த கட்டம் எனக்கு நன்றாகப் புரிகிறது. சரக்கு ஓடுகிறதா? புது வாடிக்கையாளரைப் பிடி. நரம்பை அமைதிப்படுத்துகிற மாத்திரை குமட்டலையும் அடக்குகிறது என்று தெரிந்தது. 1958 ஆகஸ்டில் சுமார் 40,000 ஜெர்மன் டாக்டர்களுக்குக் கம்பெனியிலிருந்து கடிதம் போனது. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் இதுதான் உத்தமமான மருந்து என்று. கர்ப்பிணிகளிடம் முறையாகச் சோதித்துப் பார்த்தார்களா? இல்லை. அதே வருடம் பிரிட்டனில் டிஸ்டாவல் என்ற பெயரில் விற்பனை ஆரம்பித்தது. விற்றது யார் தெரியுமா? டிஸ்டில்லர்ஸ் கம்பெனி. ஆமாம், ஜானி வாக்கர் விஸ்கி விற்ற அதே டிஸ்டில்லர்ஸ்தான். மருந்து அவர்களுக்கு உபதொழில்.

குழந்தைகள் பிறக்க ஆரம்பித்தன.

கை இருக்க வேண்டிய இடத்தில் தோளிலிருந்து நேராக விரல்கள். கால் இல்லை. சிலருக்குக் காது இல்லை. சிலருக்கு வெளியே எல்லாம் சரி, உள்ளே இதயமோ குடலோ சரியில்லை. உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். கணிசமான குழந்தைகள் பிறந்த கொஞ்ச நாளிலேயே போய்விட்டன. இதில் கொடுமை என்னவென்றால், முதல் குழந்தை, மருந்து கடைக்கு வருவதற்கும் முன்னால், 1956 கிறிஸ்துமஸ் தினத்தன்று பிறந்திருக்கிறது. காதுகள் இல்லாமல். அப்பா அந்தக் கம்பெனியின் ஊழியர். மாதிரி மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவந்து கர்ப்பிணி மனைவிக்குக் கொடுத்திருந்தார். அன்புதான், வேறென்ன? நானும் அன்றைக்கு மருந்துக் கடை வாசலில் அதைத்தான் செய்தேன்.

இங்கே ஒரு கணக்கைப் பாருங்கள். தாலிடமைட் கருவைத் தாக்குவது ஒரு குறிப்பிட்ட காலத்தில்தான். கரு உருவான சுமார் 20ஆம் நாளிலிருந்து 36ஆம் நாள் வரை. கையும் காலும் காதும் உருவாகிற நாட்கள். அந்த நாட்களில் ஒரே ஒரு மாத்திரை போதும். அதற்கு முன்னாலோ பின்னாலோ சாப்பிட்டிருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. சரி, மசக்கை ஆரம்பிப்பது எப்போது? ஏறக்குறைய அதே நாட்களில்! தாளிக்கிற வாசனை முதன்முதலாகக் குமட்டுகிற அந்த வாரத்தில்தான் அந்தப் பெண் மாத்திரையைத் தேடினாள். விஷமே நாள் பார்த்து வந்தது போல.

ஹாம்பர்க்கில் விடுகின்ட் லென்ஸ் என்ற குழந்தை மருத்துவர் வீடு வீடாகப் போய் அம்மாக்களிடம் விசாரித்தார். என்ன சாப்பிட்டீர்கள், என்ன மருந்து எடுத்தீர்கள் என்று. 1961 நவம்பரில் கம்பெனிக்கே போன் போட்டு, நிறுத்துங்கள் என்றார். அந்த மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை செய்தியை உடைத்தது. மருந்து திரும்பப் பெறப்பட்டது. ஆஸ்திரேலியாவில் வில்லியம் மெக்பிரைட் என்ற மகப்பேறு மருத்துவரும் தனியாக இதையே கண்டுபிடித்து, அந்த டிசம்பரில் 'லான்செட்' இதழுக்குச் சில வரிகளில் ஒரு கடிதம் எழுதினார். உலகப் புகழ் பெற்றார். இந்த மெக்பிரைட் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருவார்.

அமெரிக்கா பெருமளவு தப்பித்தது. காரணம் ஒரு பெண்மணி. பிரான்சஸ் கெல்சி. கனடாவில் 1914ல் பிறந்தவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேலைக்கு எழுதிப் போட்டபோது, 'பிரான்சஸ்' ஆண் பெயரா பெண் பெயரா என்ற குழப்பத்தில் ஆண் என்று நினைத்துச் சேர்த்துக்கொண்டார்களாம். அங்கே 1937ல், கரைப்பானில் விஷம் கலந்த ஓர் இருமல் டானிக் போலிருந்த சல்பா மருந்து நூறு பேருக்கு மேல் கொன்றதே, அதன் ஆராய்ச்சியில் உதவியவர். யுத்த காலத்தில் மலேரியா மருந்து ஆராய்ச்சி. வளர்ந்த முயல் சமாளிக்கிற குயினைனை வயிற்றிலிருக்கும் முயல் குட்டியால் சமாளிக்க முடியவில்லை என்பதை நேரில் பார்த்தவர்.

1960 ஆகஸ்டில் எஃப்.டி.ஏ.வில், அதாவது அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தில், சேர்ந்தார். செப்டம்பரில் மேஜைக்கு ஒரு பைல் வந்தது. ரிச்சர்ட்சன்-மெரெல் என்ற அமெரிக்கக் கம்பெனி தாலிடமைடை விற்க அனுமதி கேட்டிருந்தது. புதுசாக வந்தவர், சுலபமான பைலாகக் கொடுப்போம் என்று கொடுத்தார்கள். ஐரோப்பாவே சாப்பிடுகிற மாத்திரை! இதில் பார்க்க என்ன இருக்கிறது?

சட்டப்படி அறுபது நாளுக்குள் மறுக்க வேண்டும். இல்லாவிட்டால் தானாகவே அனுமதி கிடைத்த மாதிரி. கெல்சி ஒவ்வொரு அறுபது நாளும் 'இந்த விவரம் போதாது, இன்னும் கொடுங்கள்' என்று திருப்பி அனுப்பினார். கம்பெனி ஆள் வந்தார், போன் வந்தது, மேலதிகாரிக்குப் புகார் போனது. மொத்தம் ஐம்பது தடவை போலத் தொடர்பு கொண்டார்களாம். நம் ஊர் தாலுகா ஆபீசில் பைலை இழுத்தடிக்கிறவரைப் பற்றி என்னென்ன சொல்வோமோ, எல்லாம் அவரைப் பற்றியும் சொல்லியிருப்பார்கள். இடையில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு டாக்டரின் கடிதம் வந்தது. இந்த மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்குக் கை கால் மரத்துப்போகிறது என்று. கெல்சி அதைப் படித்தார். வளர்ந்தவர்களின் நரம்பையே இது கெடுக்கிறது என்றால், வயிற்றில் இருக்கிற பிள்ளையை என்ன செய்யும்?

கவனியுங்கள். மருந்துக் கடை வாசலில் என் மனைவி கேட்ட கேள்வி!

1961 மே மாதம் அதையே எழுத்தில் கேட்டார். கம்பெனியிடம் பதில் இல்லை. ஆனால் 'பரிசோதனை' என்ற பெயரில் ஏற்கெனவே ஆயிரத்துக்கும் மேற்பட்ட டாக்டர்களுக்கு 25 லட்சம் மாத்திரைகளை இனாமாக அனுப்பியிருந்தது. அதனால் அமெரிக்காவிலும் 17 குழந்தைகள் பாதிக்கப்பட்டன. பதினேழோடு நின்றது. 1962 ஆகஸ்டில் ஜனாதிபதி கென்னடி கெல்சிக்கு விருது கொடுத்தார். அக்டோபரில் மருந்துச் சட்டமே மாறியது. மருந்து பலன் தரும் என்று கம்பெனி நிரூபித்தாக வேண்டும், பரிசோதனை என்றால் நோயாளியின் சம்மதம் வேண்டும். கெல்சி 2015ல் 101ஆம் வயதில் காலமானார். க்ரூனென்தால் கம்பெனி பாதிக்கப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டது எப்போது தெரியுமா? 2012ல். மருந்தை நிறுத்தி ஐம்பது வருஷம் கழித்து.

பெரும்பாலான புத்தகங்கள் இந்த இடத்தில் கதையை முடித்துவிடும். எனக்கு இனிமேல்தான் கதையே.

இதே ரிச்சர்ட்சன்-மெரெல் கம்பெனியிடம் 1956லிருந்தே மசக்கைக்கென்று இன்னொரு மாத்திரை இருந்தது. பென்டெக்டின். டாக்சிலமைன் என்ற அலர்ஜி மருந்து, பி6 வைட்டமின், இரண்டும் முக்கியச் சரக்கு. மூன்றாவதாக இருந்த ஒன்றை, பலனில்லை என்று 1976ல் எடுத்துவிட்டார்கள். ஒரு காலத்தில் அமெரிக்கக் கர்ப்பிணிகளில் நாலில் ஒருவராவது இதைச் சாப்பிட்டார்கள். மொத்தம் மூன்று கோடிக்கும் மேற்பட்ட பெண்கள்.

தாலிடமைடுக்குப் பிறகு உலகம் மாறிவிட்டதல்லவா? கை கால் குறையோடு ஒரு குழந்தை பிறந்தால் முதல் கேள்வி, அம்மா என்ன மாத்திரை சாப்பிட்டாள்? நூறு பிரசவத்தில் இரண்டு மூன்று குழந்தைகள் ஏதாவது ஒரு குறையோடுதான் பிறக்கும். மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். மூன்று கோடிப் பேர் சாப்பிட்டால், அதில் எத்தனை லட்சம் அம்மாக்கள் அந்த மாத்திரையைச் சந்தேகப்படுவார்கள் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். கோர்ட்டில் வழக்குகள் குவிந்தன. சூப்பர் மார்க்கெட்டில் விற்கிற பரபரப்புப் பத்திரிகைகள் எண்ணெய் ஊற்றின. எங்கள் ஜாதிக்காரர்கள்தான், சொல்ல வெட்கமாக இருக்கிறது. 1980ல் எஃப்.டி.ஏ. கூட்டிய நிபுணர் குழு, மாத்திரைக்கும் குறைக்கும் தொடர்பு இருப்பதாக ஆதாரமில்லை என்றது. யார் கேட்டார்கள்?

வழக்குப் போட்டவர்கள் பக்கம் சாட்சி சொல்ல ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவர் வந்தார். வில்லியம் மெக்பிரைட்! தாலிடமைடைக் கண்டுபிடித்த ஹீரோ. அவர் சொன்னால் எந்த ஜூரி நம்பாது? பென்டெக்டினில் முன்பு இருந்த அந்த மூன்றாவது மருந்தைப் போன்ற ஒன்றை முயலுக்குக் கொடுத்துப் பார்த்தேன், குட்டிகள் குறையோடு பிறந்தன என்று 1982ல் கட்டுரையும் வெளியிட்டார். அவருடைய ஆராய்ச்சிக்கூடத்து இளைஞர்களுக்கு அந்தக் கட்டுரையைப் படித்ததும் தூக்கிவாரிப்போட்டது. முயல்களின் எண்ணிக்கை வேறு. மருந்தின் அளவு வேறு. ஐந்து வருஷம் கழித்து ஆஸ்திரேலிய ரேடியோ அதை அம்பலப்படுத்தியது. 1993ல் மெக்பிரைடை மருத்துவர் பட்டியலிலிருந்தே நீக்கினார்கள். ஒரு முறை சரியாகச் சொன்னவன் மறுமுறையும் சரியாகச் சொல்வதாக நினைத்தார். நிரூபணம்தான் கொஞ்சம் பாக்கி, அதை நாமே எழுதிக்கொள்வோம் என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது.

ஆனால் அதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே, 1983 ஜூனில், கம்பெனி பென்டெக்டினை நிறுத்திவிட்டது. வழக்குகளில் தோற்றதாலா? இல்லை. பெரும்பாலான வழக்குகளில் கம்பெனிதான் ஜெயித்தது. இது லாப நஷ்டக் கணக்கு. வக்கீல் செலவும் இன்சூரன்ஸ் பிரீமியமும் விற்பனையைத் தின்றன. பேலன்ஸ் ஷீட் பார்க்கத் தெரிந்த யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். தாலிடமைடை விற்கத் துடித்ததும் இதே பேலன்ஸ் ஷீட்தான். நல்ல மாத்திரையைக் கைவிட்டதும் இதே பேலன்ஸ் ஷீட்தான்.

நிறுத்தியதும் பிறவிக் குறைகள் குறைந்தனவா? துளியும் இல்லை. அதே அளவில்தான் இருந்தன. ஆனால் மசக்கை வாந்தியால் ஆஸ்பத்திரியில் சேர்ந்த அமெரிக்கப் பெண்களின் விகிதம் இரண்டு மடங்கானது. எல்லை தாண்டினால் கனடா. அங்கே அதே மாத்திரை வேறு பெயரில் நிம்மதியாக விற்றுக்கொண்டிருந்தது! முப்பது வருஷம் கழித்து, 2013 ஏப்ரலில், எஃப்.டி.ஏ. அதே டாக்சிலமைன்-பி6 கூட்டணிக்கு மறுபடி அனுமதி கொடுத்தது. புதுப் பெயர். புது விலை. பழைய சரக்கு.

வாசனை விஷயத்துக்கு வருகிறேன். மூன்றில் இரண்டு கர்ப்பிணிகளாவது தங்கள் மூக்கு கூர்மையாகிவிட்டது என்கிறார்கள். விஞ்ஞானிகள் சின்னச் சின்னக் குப்பிகளில் வாசனையை வைத்து நீட்டிச் சோதித்தார்கள். பெரிய வித்தியாசம் எதுவும் சிக்கவில்லை. மற்றவர்களுக்குத் தெரியாத மெல்லிய வாசனை இவர்களுக்குத் தெரிந்துவிடுவதில்லை. தெரிகிற வாசனை பிடிக்காமல் போகிறது. என் மனைவி இதை ஒப்புக்கொள்ள மாட்டாள். பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் பனியனோடு நின்றவன் என்ற முறையில் நானும் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வதாக இல்லை.

வாந்திக்கு மட்டும் ஒரு விடை கிடைத்திருக்கிறது. மார்லீனா பெய்சோ என்று ஓர் அமெரிக்க மரபியல் விஞ்ஞானி. 1999ல் கர்ப்பமாக இருந்தபோது அதிவாந்தி. தலையைத் தூக்க முடியவில்லை. டாக்டர், இவர் கவனத்தை ஈர்க்க மிகைப்படுத்துகிறார் என்று நினைத்தாராம். 1930 இல்லை, 1999! பதினைந்தாவது வாரத்தில் குழந்தையை இழந்தார். அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் இதையே தேடினார். 2023 டிசம்பரில் அவரும் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகளும் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். வயிற்றிலிருக்கும் கருவும் நஞ்சுக்கொடியும் ஜி.டி.எஃப்.15 என்ற ஒரு ஹார்மோனைச் சுரக்கின்றன. அது மூளையின் அடிப்பகுதிக்குப் போய்க் குமட்டலைக் கிளப்புகிறது. கர்ப்பத்துக்கு முன்னால் இந்த ஹார்மோன் உடம்பில் குறைவாக இருந்த பெண்களுக்குப் பழக்கமில்லாததால் பாதிப்பு அதிகம். ஏற்கெனவே அதிகமாக இருக்கிறவர்களுக்கு, உதாரணமாகச் சில தலசீமியா நோயாளிகளுக்கு, மசக்கை வாந்தி மிகக் குறைவு. அதாவது மனசும் இல்லை, புருஷனும் இல்லை.

இதை எழுதுவதற்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு யோசனை. அன்றைக்கு டாக்டரம்மா எழுதிய சீட்டு பழைய பைலில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். டாக்சிலமைன், பிரிடாக்சின். பிரிடாக்சின் என்றால் பி6. அதே பென்டெக்டின்தான்! மூன்று கோடிப் பெண்கள் சாப்பிட்டு, பல ஆய்வுகளில் தேறி வந்த மாத்திரை. குங்குமச் சிமிழுக்குப் பின்னால் சும்மா கிடந்திருக்கிறது.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கெல்சி, மெக்பிரைட், முயல், கோர்ட், எல்லாம். பொறுமையாகக் கேட்டாள்.

"இதை அன்னிக்கே கடை வாசல்ல சொல்லியிருந்தா சாப்பிட்டிருப்பேன்ல" என்றாள்.